காலர் துணி மேல் போட்ட பழி

“எத்தனை வருஷமாக் குடிக்கிறீங்க?”

கேட்டது டாக்டரம்மா. கேட்கப்பட்டவன் நான். பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து இதைக் காதில் வாங்கிக்கொண்டிருந்தவள் என் மகள் ரிஸ்வானா. ஏழாம் வகுப்பு.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

பிள்ளைகளா, உங்களுக்குத்தான் என்னைத் தெரியுமே! வாராவாரம் இந்தப் பக்கத்தில் ஊசி, நூல், கத்தரிக்கோல் என்று ஏதாவது கதை சொல்கிற தையல்காரன். மதுரையில் மாசி வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் ஸ்கூல் யூனிஃபார்ம் தைக்கிறவன். படிப்பு பத்தாவதோடு சரி. பழக்கம் என்றால்... டீ. அதில் கொஞ்சம் கூடுதலாகச் சர்க்கரை. அவ்வளவுதான்.

என்னைப் பார்த்து இப்படி ஒரு கேள்வியா? அதுவும் மகளை வைத்துக்கொண்டு?

எப்படி அங்கே போய்ச் சேர்ந்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இந்த வருஷம் ஹஜ்ஜுப் பெருநாளும் ஸ்கூல் திறக்கிறதும் ஒன்றாக வந்தன. கடையில் துணி மலை மாதிரி குவிந்து கிடக்கிறது. அலங்காநல்லூரிலிருந்து பஸ் ஏறி வந்து, “அண்ணே, நாளைக்குள்ள வேணும்ணே” என்று வாசலிலேயே உட்கார்ந்துகொள்கிறார்கள். பெருநாள் அன்று மட்டும்தான் மிஷினுக்கு லீவு.

பெருநாள் காலையில் தொழுகை முடிந்து, குர்பானி கொடுத்ததும், எங்கள் வீட்டில் முதலில் அடுப்பில் ஏறுவது ஈரல். மிளகு போட்டு, எண்ணெய் மினுங்க ஒரு வறுவல். பெருநாளின் முதல் வாய் அதுதான். எனக்கு ஈரல் என்றால் உயிர். இது எங்கள் சந்து முழுக்கத் தெரியும். “தையல்கார அண்ணனுக்குக் கொடுத்து விடு” என்று நாலு வீட்டிலிருந்து கிண்ணம் வந்தது. நானும் ஒருவர் மனமும் கோணக்கூடாது என்று... சரி, மற்றவர் மனசுக்காகவா சாப்பிட்டேன்? ருசிக்காகத்தான்.

இரண்டு நாள் கழித்து, விடியற்காலை சுபுஹுத் தொழுகைக்கு எழுந்து காலைத் தரையில் வைத்தேன். வைத்த வேகத்தில் கத்தினேன்.

வலது கால் கட்டைவிரல். மிளகாய்ப்பழம் மாதிரி சிவந்து, வீங்கி, பளபளவென்று இருந்தது. போர்வை நுனி பட்டால்கூட உயிர் போகிறது. பிள்ளைகளா, மிஷின் ஊசி என் விரலில் எத்தனையோ தடவை ஏறியிருக்கிறது. அதெல்லாம் இதற்கு முன்னால் எறும்புக்கடி.

“மிஷின் மிதிச்சு மிதிச்சு சுளுக்கியிருக்கு” என்றாள் என் மனைவி சபுரா.

அவளுடைய அண்ணன் காதர் மச்சான் வந்தார். எங்கள் குடும்பத்தில் எந்த வியாதிக்கும் முதல் ஆலோசனை அவருடையதுதான். கேட்காமலே கிடைக்கும். விரலைக் குனிந்து பார்த்தார்.

“மாப்ள, கால்ல சத்து இறங்கிப்போச்சு. ஆட்டுக்கால் சூப்பு வச்சுக் குடி. காலுக்குக் காலு!”

“நெசமாவா மச்சான்?”

“அட, எத்தனை பேரு எந்திரிச்சு நடந்திருக்கான் தெரியுமா? சபுரா, மிளகைத் தூக்கலாப் போடும்மா.”

வீட்டில்தான் குர்பானி ஆட்டின் கால்கள் இருந்தனவே. சபுரா காலையில் ஒரு கிண்ணம், சாயங்காலம் ஒரு கிண்ணம் கொடுத்தாள். வலி குறைந்ததா? விரல் செருப்புக்குள் நுழைய மறுத்தது. மிதிக்க முடியாமல் மிஷின் நின்றது. காதர் மச்சான், “சூப்பு பத்தல மாப்ள” என்றார்.

கடைசியில் சபுராவின் தோளைப் பிடித்துக்கொண்டு டாக்டரம்மாவிடம் நொண்டிப் போனேன். அவர் விரலைப் பார்த்தார், தொடக்கூட இல்லை. “சூப்பு குடிச்சீங்களா?” என்றார். எனக்கு ஆச்சரியம் — விரலைப் பார்த்தே சொல்லிவிட்டாரே!

ரத்தம் எடுத்தார்கள். வயிற்றில் ஏதோ பசையைத் தடவி ஸ்கேன் எடுத்தார்கள். கால்வலிக்கு எதற்கு வயிற்றில் ஸ்கேன் என்று எனக்குப் புரியவில்லை. சாயங்காலம் ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு மறுபடி போனபோது, இங்கிலீஷ் படித்துச் சொல்ல ரிஸ்வானாவைக் கூட்டிப்போனேன்.

அங்கேதான் அந்தக் கேள்வி.

“அல்லாவே! டாக்டரம்மா, என் வாய்ல ஒரு சொட்டுப் பட்டதில்ல!” என்றேன்.

“கோவப்படாதீங்க. யூரிக் ஆசிட் கூட இருக்கு. கல்லீரல்லயும் கொழுப்பு படிஞ்சிருக்கு. அதனால எல்லாரையும் கேப்போம். குடிக்காதவங்களுக்கும் இது வரும்.”

பிறகு விளக்கினார். நாம் சாப்பிடுகிற சில பொருட்களிலிருந்து யூரிக் ஆசிட் என்று ஒரு கழிவு உண்டாகிறதாம். சிறுநீரகம் அதை வெளியே அனுப்பிவிடும். அனுப்ப முடியாத அளவுக்குச் சேர்ந்தால் மூட்டுக்குள் போய்ப் படிந்துவிடும். எப்படிப் படியும் தெரியுமா? பொடிப்பொடி ஊசிகளாக!

“ஊசியா... எந்த நம்பர் ஊசிங்க?” என்றேன். தொழில் புத்தி.

டாக்டரம்மா சிரித்துவிட்டார். “கண்ணுக்கே தெரியாது. ஆனா ஈரல், குடல், சூப்பு — இதெல்லாம் அந்த ஊசிக்குத் தீனி. நீங்க மருந்துன்னு நெனச்சு வியாதிக்குச் சாப்பாடு போட்டிருக்கீங்க.”

ஈரலைத் தின்றே என் ஈரலைப் பற்றித் தெரிந்துகொண்டேனே என்று நான் திகைத்துப்போய் உட்கார்ந்திருந்தேன். அதனால் பக்கத்து ஸ்டூலைக் கவனிக்கவில்லை.

திரும்பி வரும்போது, ஷேர் ஆட்டோவில் எப்போதும் என்னை ஒட்டி உட்காருகிற ரிஸ்வானா, எதிர் சீட்டின் மூலையில் போய் உட்கார்ந்தாள். வீட்டுக்குள் வந்ததும் என் முன்னால் வந்து நின்றாள்.

“அத்தா, வாயைத் திறங்க.”

“எதுக்கும்மா?”

“ஊதுங்க.”

சபுரா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்துக்கொண்டே ஊதினேன். ரிஸ்வானா சிரிக்கவில்லை. மறுநாள் சாயங்காலம் கடைக்கு வந்தவள் துணி ரோலுக்குப் பின்னால் பார்த்தாள். மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தாள். மிஷின் ஆயில் பாட்டிலைத் திறந்து... மோந்து பார்த்தாள்!

அப்போதுதான் எனக்கு உறைத்தது. போன வருஷம் அவள் ஸ்கூலில் மது ஒழிப்புக்கு ஓவியப் போட்டி வைத்தார்கள். ரிஸ்வானா ஒரு மனிதனை வரைந்து, அவன் வயிற்றுக்குள் கறுத்துப்போன கல்லீரலை வரைந்து, பக்கத்தில் ஒரு பாட்டிலை வரைந்தாள். முதல் பரிசு! அந்தப் படத்தை என் கடைச் சுவரில்தான் ஒட்டி வைத்திருக்கிறேன்.

பாட்டிலை மூடி வைத்துவிட்டு அந்தப் படத்தைக் காட்டிக் கேட்டாள்.

“அந்தப் படத்துல இருக்கறது நீங்கதானா அத்தா?”

“டாக்டரம்மாதான் சொன்னாங்களேம்மா, குடிக்காதவங்களுக்கும் வரும்னு.”

“நீங்க அழுதுருவீங்கன்னு சும்மா அப்படிச் சொல்லியிருப்பாங்க.”

பிள்ளைகளா, அந்த வாரம் முழுக்க நான் சரியாகச் சாப்பிடவில்லை. விரல் வலி மாத்திரைக்கு அடங்கிவிட்டது. இந்த வலிக்கு எங்கே மாத்திரை? ஊரே என்னைச் சந்தேகப்பட்டாலும் துடைத்துப் போட்டுவிடுவேன். பெற்ற பிள்ளை வாயை மோந்து பார்த்தால்?

சனிக்கிழமை மறுபடி டாக்டரம்மாவைப் பார்க்கக் கிளம்பினோம். ரிஸ்வானாவுக்கு அன்று அரைநாள் ஸ்கூல். யூனிஃபார்மோடு வந்து நின்றாள்.

“நானும் வாரேன். நானே கேக்கணும்.”

உள்ளே போய் உட்கார்ந்ததுமே கேட்டுவிட்டாள். “டாக்டர், எங்க அத்தா குடிக்கிறாங்களா இல்லையா? எனக்கு உண்மை தெரிஞ்சாகணும்.”

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் ரிஸ்வானா பக்கம் நாற்காலியைத் திருப்பினார். பதில் சொல்லத்தான் திரும்பினார். ஆனால் அவர் கண் வேறெங்கோ நின்றது.

“என்னம்மா, இந்த வெயில்ல இம்புட்டு உசரக் காலர்?”

“நான்தான் தைச்சேன்” என்றேன், கொஞ்சம் பெருமையாகவே. இந்த வருஷம் ரிஸ்வானா ஆசைப்பட்டுக் கேட்ட ஒரே விஷயம் அதுதான். “அத்தா, காலரைக் கொஞ்சம் உசத்தி வைங்க” என்றாள். ஏதோ புது ஃபேஷன் போலிருக்கிறது என்று நினைத்து, உள்ளே கேன்வாஸ் கொடுத்து நிமிர்ந்து நிற்கிற மாதிரி தைத்துக் கொடுத்திருந்தேன்.

“மேல் பட்டனைக் கழட்டு பாப்பம்” என்றார் டாக்டரம்மா.

ரிஸ்வானா அசையவில்லை. காலரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

சபுரா முந்திக்கொண்டாள். “அது ஒண்ணுமில்ல டாக்டரம்மா. கழுத்துல அழுக்கு. குளிக்கும்போது ஒழுங்கா சோப்புப் போட மாட்டா. நானும் பயத்தமாவு, பீர்க்கங்கா நாருன்னு எம்புட்டோ தேச்சுட்டேன்... தோலு சிவந்து புண்ணானதுதான் மிச்சம். போக மாட்டேங்குது.”

“அழுக்கு இல்லீங்க” என்றேன் நான். “சாயம். நேவி ப்ளூ காலர், வேர்வைல சாயம் இறங்குது. துணிக்கடைக்காரன்ட்ட சண்டையே போட்டேன்.”

உண்மையிலேயே போட்டேன். அந்தக் கடைக்காரரும் என் கண் முன்னாலேயே துணியை உப்புத் தண்ணீரில் முக்கிப் பிழிந்து காட்டினார். தண்ணீர் தண்ணீராகவே இருந்தது. “அண்ணே, நீலத் துணி சாயம் போனா கழுத்து நீலமால இருக்கணும்? கறுப்பாவா இருக்கும்?” என்று கேட்டார். அப்போதாவது நான் யோசித்தேனா? பதிலுக்கு அவரைத்தான் திட்டினேன்!

டாக்டரம்மா மெதுவாகக் காலரை விலக்கினார். பின்கழுத்தைச் சுற்றிலும் வெல்வெட் துணி ஒட்டின மாதிரி கறுப்பாக ஒரு பட்டை. அதன் மேலே சபுரா தேய்த்த நார்த் தடம்.

“இனிமே இதைத் தேய்க்காதீங்க” என்றார். சிரிப்பு போய்விட்டிருந்தது. “இது அழுக்கும் இல்ல, சாயமும் இல்ல. உள்ள இன்சுலின் சரியா வேலை செய்யலன்னா சில பிள்ளைகளுக்குக் கழுத்து இப்படிக் கறுக்கும். பிள்ளைக்கும் ரத்தம் பாத்து, ஒரு ஸ்கேன் எடுத்துருவோம்.”

சபுராவின் கை அப்படியே வாய்க்குப் போனது.

பிள்ளைகளா, என் வயிற்றில் பசை தடவியபோது கூச்சத்தில் சிரித்தேன். என் மகள் வயிற்றில் தடவியபோது நின்று பார்க்க முடியவில்லை. அடங்கிப்போன கால்வலியைச் சாக்காகச் சொல்லி உட்கார்ந்துகொண்டேன்.

ரிப்போர்ட் வந்தது. சர்க்கரை வியாதி இன்னும் இல்லை. ஆனால் கல்லீரல்? அதிலும் கொழுப்பு படிய ஆரம்பித்திருந்தது.

பன்னிரண்டு வயசுப் பிள்ளைக்கு!

பாட்டில் படம் வரைந்து பரிசு வாங்கிய என் மகள், டாக்டரம்மா முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நான்... நான் குடிச்சதே இல்லையே டாக்டர்.”

“தெரியும்டா கண்ணு. உங்க அத்தாவும் குடிச்சதில்ல.”

ரிஸ்வானா என் பக்கம் திரும்பினாள். எழுந்து வந்து என்னை ஒட்டி உட்கார்ந்து, என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். என் மேல் இருந்த சந்தேகம் அந்த நொடியோடு போய்விட்டது. ஆனால் அது போன விதம் இருக்கிறதே — எந்த அப்பனுக்கும் வேண்டாம். அவள் என்னைக் குடிகாரன் என்று நினைத்துக்கொண்டே இருந்திருக்கலாம், அந்த ஸ்கேன் மட்டும் சுத்தமாக வந்திருக்கலாம். அப்படித்தான் எனக்குத் தோன்றியது.

டாக்டரம்மா, அவள் தினமும் என்ன சாப்பிடுகிறாள் என்று கேட்டார். ஸ்கூல் விட்டதும் ரிஸ்வானா நேராக என் கடைக்குத்தான் வருவாள். சந்தில் டூவீலர்கள் தலைதெறிக்கப் பறக்கும். வெளியே விளையாடப் போய்விடக் கூடாது என்று எனக்குப் பயம். அதனால் ஒரு க்ரீம் பன்னும் ஒரு பாட்டில் கலர் சோடாவும் வாங்கி வைத்துவிடுவேன். இரண்டையும் முடித்துவிட்டு வெட்டுத் துணி மேல் சாய்ந்து ஹோம்வொர்க் எழுதுவாள். பாட்டிலில் மிச்சம் இருந்தால், வீணாக்கக் கூடாதே என்று நான் குடித்துவிடுவேன்.

“அந்த இனிப்புத் தண்ணிதான் கல்லீரல்ல கொழுப்பைச் சேக்குது. உங்களுக்கு யூரிக் ஆசிட்டையும் ஏத்துது” என்றார் டாக்டரம்மா. “ஈரலை மட்டும் திட்டாதீங்க. அது வருஷத்துல சில நாள். இது தினமும்.”

சபுரா என்னைப் பார்த்தாள். நான் ரிப்போர்ட்டைப் பார்த்தேன். இங்கிலீஷ் தெரியாவிட்டாலும் சில நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருப்பது வசதி!

வீட்டுக்கு வந்து யோசித்தேன். யூனிஃபார்ம் தைக்க வருகிற எல்லா அம்மாக்களும் சொல்கிற ஒரே வசனம், “வளர்ற பிள்ளைண்ணே, உள்ள துணி விட்டுத் தைங்க.” நானும் விடுவேன். முன்பெல்லாம் அடுத்த வருஷம் அதே பாவாடை வரும். கீழ் மடிப்பைப் பிரித்து நீளம் கூட்டிக் கொடுப்பேன். இப்போது வருகிறவர்கள் மடிப்பைத் தொடச் சொல்வதில்லை. இடுப்பைப் பிரிக்கச் சொல்கிறார்கள். உயரத்துக்கு விட்ட துணி அப்படியே கிடக்கிறது, அகலத்துக்கு விட்ட துணி போதவில்லை.

இதை என் இன்ச் டேப் எனக்கு எத்தனை தடவை சொல்லியிருக்கும்? ரிஸ்வானாவின் பாவாடை இடுப்பை நானே பிரித்துத் தைத்திருக்கிறேன். அப்போது என்ன நினைத்தேன் தெரியுமா? “மகள் வளர்றா!”

காதர் மச்சான் விஷயம் கேள்விப்பட்டு ஓடி வந்தார்.

“ஈரல்ல கொழுப்பா? அப்ப நல்ல எளங்கிடா ஈரலா வாங்கிக் குடு மாப்ள. புது ஈரல் போனா...”

“அண்ணே!” என்றாள் சபுரா. “வாய மூடிக்கிட்டு உக்காருங்க. சுக்குத் தண்ணி தாரேன்.”

“சக்கரை போட்டா?”

“போடாம!”

மச்சான் வாழ்க்கையில் முதல் தடவையாக ஆலோசனை சொல்லாமல் எழுந்து போனார்.

அன்றைக்கு சபுரா, குளியலறை ஆணியில் மாட்டியிருந்த பீர்க்கங்காய் நாரை எடுத்துக் குப்பைக் கூடையில் போட்டாள். பிறகு ரிஸ்வானாவை முன்னால் உட்காரவைத்து அந்தக் கழுத்தில் தேங்காய் எண்ணெய் தடவினாள். தடவும்போதுதான் ரிஸ்வானா அதைச் சொன்னாள்.

“கிளாஸ்ல என் பின் பெஞ்சுல யாரும் உக்கார மாட்டாங்கம்மா. ‘அழுக்குக் கழுத்து’ன்னு சொல்லுவாங்க. அதுக்குத்தான் அத்தாட்ட காலரை உசத்தச் சொன்னேன்.”

ஃபேஷன் என்று நினைத்தேனே...! கேன்வாஸ் வைத்து, இரட்டைத் தையல் போட்டு, என் மகள் ஒளிந்துகொள்ள நானே சுவர் கட்டிக் கொடுத்திருக்கிறேன்.

இப்போது பன் இல்லை, கலர் இல்லை. சுண்டலும் தண்ணீரும்தான். சாயங்காலம் மிஷினை நிறுத்திவிட்டு இரண்டு பேரும் மைதானத்துக்குப் போகிறோம். அவள் சக பிள்ளைகளோடு ஓடுகிறாள், நான் நொண்டிக்கொண்டு சுற்றி வருகிறேன். ரிஸ்வானாவுக்கு மாத்திரைகூட வேண்டாம், சாப்பாடும் விளையாட்டும் சரியானால் கல்லீரல் தன்னைத் தானே தேற்றிக்கொள்ளும், கழுத்தும் மெல்ல மெல்லத் தெளியும் என்கிறார் டாக்டரம்மா. ஆனால் அவசரப்படக் கூடாதாம். கழுத்து இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

நேற்று ரிஸ்வானா அந்த யூனிஃபார்ம் சட்டையைக் கொண்டுவந்து என் மேஜையில் போட்டாள்.

“காலரைக் குறைச்சிருங்க அத்தா. வேர்க்குது.”

“கழுத்து தெரியுமேம்மா?”

“தெரியட்டும். கேட்டா நான் சொல்லிக்கிறேன்.”

கத்தரியை எடுத்தேன். தையலைப் பிரிக்கும்போது கண்ணை நீர் மறைத்தது. ஊசியில் நூல் கோக்க அவளைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது.

பிள்ளைகளா, உங்கள் வகுப்பிலும் கழுத்துக் கறுத்த ஒரு பிள்ளை இருக்கலாம். “குளிச்சியா?” என்று கேட்காதீர்கள். “விளையாட வர்றியா?” என்று கேளுங்கள். அப்புறம் ஒன்று. யாராவது “அழுக்குக் கழுத்து” என்று கிண்டல் பண்ணினால், என் கடைக்குக் கூட்டி வாருங்கள்... காலர் தைத்தது போக நூல் நிறைய மிச்சம் இருக்கிறது, வாயை ஒரு தையல் போட்டு அனுப்புகிறேன்!